விமானத்தில் இணையமும் தொலைபேசிப் பேச்சும்: நம் கரையோரப் பயணிகளுக்கு எது வேண்டும்?

கீழக்கரைச் சபராளி:

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். விமானம் பறந்துகொண்டிருக்கும்போது பயணிகளுக்கு இணையம் வேண்டுமா, தொலைபேசிப் பேச்சு வேண்டுமா என்ற கேள்வி பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. அமெரிக்கரிடம் கேட்கிறார்கள், ஐரோப்பியரிடம் கேட்கிறார்கள், மாதந்தோறும் பறக்கும் நிறுவன அலுவலர்களிடம் கேட்கிறார்கள். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் வேன் பிடித்து, மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய், துபாய்க்கும் ஜித்தாவுக்கும் கோலாலம்பூருக்கும் ஏறுகின்ற நம் மக்களிடம் யாரும் கேட்டு நான் அறிந்ததில்லை. ஆகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையம் வேண்டும், பேச்சு வேண்டாம். இரண்டையும் ஒரே வசதியாகச் சேர்த்துப் பேசுவதால்தான் விவாதம் குழம்புகிறது. நான் ஒரு செய்தியை எழுதி அனுப்பினால், அது எனக்கும் அதைப் பெறுகிறவருக்கும் இடையே முடிந்துபோகிறது. நான் பேசத் தொடங்கினால், முழங்கை இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும், முன்வரிசையில் குழந்தையைப் பாடுபட்டுத் தூங்கவைத்த தாயும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் என் வீட்டுக் கதையைக் கேட்டாக வேண்டும். மதுரைப் பேருந்தில் ஒருவர் உரக்கப் பேசினால் எழுந்து வேறு இருக்கைக்குப் போகலாம். ரயிலில் கதவோரம் போய் நிற்கலாம். விமானத்தில் போக்கிடம் இல்லை.

2013இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விமானத்தில் கைப்பேசித் தடையைத் தளர்த்தலாமா என்று ஆராய முற்பட்டது. அப்போது ஏபி செய்தி நிறுவனமும் ஜிஎஃப்கே நிறுவனமும் எடுத்த கருத்துக்கணிப்பில் பேச்சை எதிர்த்தவர்கள் 48 விழுக்காடு, ஆதரித்தவர்கள் 19 விழுக்காடு. ஓராண்டில் நான்கு முறையோ அதற்கு மேலோ பறந்தவர்களிடம் எதிர்ப்பு 78 விழுக்காடாக இருந்தது. விமானத்தின் உள்ளே பல மணி நேரம் அடைபட்டு உட்கார்ந்து பழகியவர்கள்தாம் மிகுதியாக எதிர்த்தார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தடையைத் தளர்த்தும் அந்த முயற்சி 2020இல் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, 2018இல், பயணிகள் விமானத்தில் கைப்பேசியில் பேசுவதைத் தடைசெய்யும் விதியை இயற்றவேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் செய்துவிட்டது.

இனி உங்கள் கருத்தை எழுதுங்கள். எந்த விமானத்தில், எவ்வளவு நேரப் பயணம், யாருடைய தேவைக்காக என்பதையும் சேர்த்து எழுதினால் பயனுள்ளதாக இருக்கும்.


தொண்டித் துறை:

சபராளி அண்ணன் அவர்களுக்கு. நான் ரியாத்தில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் எங்களுக்கு விடுப்பும் பயணச்சீட்டும் கிடைக்கும். எங்கள் முகாமில் இருப்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், "வைஃபைக்குச் செலவழிக்கும் பணத்துக்கு இன்னும் ஐந்து கிலோ லக்கேஜ் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றுதான் பதில் வரும். இதை அவர்கள் விளையாட்டாகச் சொல்லமாட்டார்கள். பால் பவுடர் டின், கோடாலித் தைலம், பாதாம், பிள்ளைகளுக்குத் துணி, தங்கைக்குத் தையல் இயந்திரத்தின் மோட்டார் என்று அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, தராசில் வைத்து, எடை கூடிவிட்டால் கவுண்டருக்கு முன்பாகவே தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, எதை விட்டுச் செல்வது என்று முடிவெடுக்கும் மனிதனுக்கு முதல் தேவை எதுவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் ஏறுவது பெரும்பாலும் மலிவுக் கட்டண விமானம். சாப்பாடு விலைக்குத்தான். வைஃபை என்ற பேச்சே அவற்றில் பலவற்றில் இல்லை. இணையம் கொடுத்துக் கட்டணத்தை ஏற்றுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். இலவசமாகக் கொடுத்தால் யாரும் மறுக்கப்போவதில்லை. ஆகவே "பயணிகள் விரும்புகிறார்களா" என்று மட்டும் கேட்டால் போதாது. என்ன விலைக்கு விரும்புகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

பேச்சைப் பொறுத்தவரை அண்ணன் சொன்னதே என் கருத்தும். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் விமானங்கள் பல இரவில்தான் புறப்படுகின்றன. கடைசி நாள் வரைக்கும் வேலை பார்த்துவிட்டு, அன்று மாலையே கணக்கை முடித்துவிட்டு ஏறுகிறவர்களுக்கு அந்த நான்கைந்து மணி நேரத் தூக்கம் பெரிய வரம். அதைக் கெடுக்காதீர்கள்.


மண்டபம் தொலைத்தொடர்பு:

தொலைத்தொடர்புத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், விருப்பத்தைப் பற்றிப் பேசும் முன் இந்த வசதி எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லிவிட்டால் விவாதம் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

தரையிலுள்ள கைப்பேசிக் கோபுரங்கள் தரையை நோக்கியே அலைகளை வீசுகின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது, கைப்பேசி ஒரே நேரத்தில் எண்ணற்ற கோபுரங்களின் பார்வைக்குள் வரும். எதனோடும் நிலையாக ஒட்டாது. இணைப்பைத் தேடித் தன் முழு வலிமையோடு அலை வீசிக்கொண்டிருக்கும். 1991இல் அமெரிக்காவில் விமானத்தில் கைப்பேசிக்குத் தடை வந்தபோது சொல்லப்பட்ட காரணம், தரையிலுள்ள வலையமைப்புக்கு இடையூறு நேரும் என்பதுதான். "போனை அணைக்காவிட்டால் விமானம் விழுந்துவிடும்" என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். தடையின் தொடக்கம் அதுவன்று. இருந்தாலும் விமானக் கருவிகளுக்கும் விமானியின் காதுக்கருவிக்கும் தொல்லை நேரக்கூடாது என்ற எச்சரிக்கையும் உடன் இருக்கிறது. ஆகவே பணியாளர் சொல்லும்போது ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவது கடமை.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் விமானத்துக்குள்ளேயே ஒரு மிகச் சிறிய கைப்பேசி நிலையத்தை வைப்பது. அது பக்கத்திலேயே இருப்பதால் கைப்பேசிகள் மிகக் குறைந்த வலிமையில் பேசினால் போதும். அங்கிருந்து செயற்கைக்கோளுக்கும், பிறகு தரைக்கும் இணைப்புச் செல்லும். 2008 மார்ச் 20 அன்று துபாயிலிருந்து கசாபிளாங்கா சென்ற எமிரேட்ஸ் விமானத்தில் பயணி ஒருவர் இம்முறையில் அனுமதியுடன் பேசியதே வணிக விமானங்களில் முதல் கைப்பேசி அழைப்பு என்று பதிவாகியிருக்கிறது. எனவே பேச்சு முடியாத காரியமாக நின்றுவிடவில்லை. முடிந்த பிறகும் பல நிறுவனங்கள் அதை வேண்டாமென்று வைத்திருக்கின்றன. லுஃப்தான்சா குறுஞ்செய்தியையும் டேட்டாவையும் கொடுத்துவிட்டு, பேச்சை மட்டும் மூடிவைத்தது.

நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜனவரியில் இணையம், பேச்சு இரண்டையுமே அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் விமானத்துக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒரே விதித்தொகுப்பு வெளியானது. இந்திய வான்பரப்பில் 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல்தான் சேவை. தகவல் போக்குவரத்து இந்தியாவிலுள்ள நிலையத்தின் வழியாகச் செல்லவேண்டும் என்ற பாதுகாப்பு நிபந்தனையும் அதில் இருந்தது. விமானத்தில் வைஃபையை அனுமதிக்க விமானிக்கு அதிகாரம் தரும் திருத்தம் 2020இல் வந்தது. 2024 நவம்பரில், மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்த பின்னரே வைஃபை கொடுக்கவேண்டும் என்று தெளிவுபடுத்தினார்கள். ஏர் இந்தியா 2025 ஜனவரி முதல் தேதி உள்நாட்டுப் பயணங்களில் சில வகை விமானங்களில் வைஃபையை அறிமுகப்படுத்தியது. ஆக, சட்டம் கதவைத் திறந்து ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே வந்திருப்பவர்கள் சிலர்தாம்.

தொண்டித் தம்பி விலையைப் பற்றிச் சொன்னதற்கு வரலாற்றில் சான்று உண்டு. போயிங் நிறுவனம் "கனெக்ஷன்" என்ற பெயரில் 2004இல் விமான இணையத்தைத் தொடங்கியது. லுஃப்தான்சா முதலில் ஏற்றது. போதிய வாடிக்கையாளர் சேராததால் 2006இல் அதை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1980களிலிருந்தே அமெரிக்க விமானங்களில் கடன் அட்டையைச் செலுத்திப் பேசும் தொலைபேசி இருந்தது. பிறகு இருக்கைகளின் முதுகிலேயே பொருத்தினார்கள். கட்டணம் மிகுதி என்பதால் பெரும்பாலானோர் தொடவே இல்லை. ஆனாலும் 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட யுனைடெட் 93 விமானத்தின் பயணிகள் தம் வீட்டாரிடம் பேசியது பெரும்பாலும் அந்தத் தொலைபேசிகளின் வழியாகத்தான். நாள்தோறும் தேவைப்படாத ஒன்று ஒருநாள் உயிர்த்தேவையாகும் என்பதை அது காட்டியது. அதையும் நாம் மறந்துவிடக்கூடாது.


பெரியபட்டினம் ஆசிரியை:

எழுதி அனுப்பினால் போதும் என்று அனைவரும் ஒரே குரலில் சொல்கிறீர்கள். யாரால் எழுத முடியும் என்பதை நினைத்துப் பார்த்தீர்களா?

எங்கள் தெருவில் மகனைப் பார்க்க மலேசியாவுக்குத் தனியாகப் போய்வரும் உம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழைப் படிக்கத் தெரிந்த மூத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். கைப்பேசியில் தமிழைத் தட்டச்சு செய்வது அவர்களுக்குக் கைவராத வேலை. அவர்களைப் பொறுத்தவரை கைப்பேசி என்றால் குரல்தான். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மகன் பேசுவான். அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவை. படித்தவர்களும் இளையவர்களும் கூடி, பேச்சு தொல்லை, எழுத்து போதும் என்று தீர்ப்பு எழுதினால், அந்த வசதி எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடுகிறது. கருத்துக்கணிப்பில் இந்த உம்மாக்கள் இருந்திருந்தால் எண்கள் அப்படியே இருந்திருக்குமா?

முதன்முறை பறக்கும் வயதானவர்களுக்கு ஏற்படும் அச்சத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இருக்கைப் பட்டையை எப்படிக் கழற்றுவது என்று கேட்கக் கூச்சம், கழிப்பறை எங்கே என்று கேட்கவும் கூச்சம், பணிப்பெண் பேசும் மொழி விளங்காது. அந்த நேரத்தில் இரண்டு நிமிடம் பிள்ளையின் குரலைக் கேட்டால் அவர்களுக்கு எவ்வளவு தெம்பு வரும்! அந்த இரண்டு நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாத அளவுக்கு நமக்குத் தூக்கம் பெரிதா?


கீழக்கரைச் சபராளி:

டீச்சர் லாத்தா, நீங்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதைக் கடந்து போக எனக்கு மனமில்லை. ஆனால் அதற்கு விடை பேச்சு அழைப்புத்தானா என்று யோசிக்கிறேன். அந்த உம்மாக்கள் இப்போதே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மகன் அனுப்பிய குரலை ஹெட்போனில் கேட்கலாம். பதிலுக்குச் சில நொடிகள் தாழ்ந்த குரலில் பதிந்து அனுப்பலாம். எதிர்முனையிலிருப்பவர் "கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள்" என்று சொல்லமாட்டார் என்பது அதில் உள்ள பெரிய நன்மை. விமான இரைச்சலில் அழைப்பு ஒன்று வந்தால், நம்மவர் எவ்வளவு உரக்கப் பேசுவோம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இரண்டு நிமிடம் என்கிறீர்கள். 180 பேர் உள்ள விமானத்தில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசினாலே ஆறு மணி நேரம் ஆகிறது. துபாய்ப் பயணத்துக்கு அது மிகுதி.


பாம்பன் மாலுமி:

வணிகக் கப்பலில் வேலை செய்கிறேன். மண்டபத்து ஐயா குறிப்பிட்ட அதே விதித்தொகுப்பு எங்களுக்கும் பொருந்துகிறது என்பதால் எழுதுகிறேன்.

நான் கடலுக்குப் போகத் தொடங்கிய காலத்தில், துறைமுகத்தில் இறங்கித் தொலைபேசி அட்டை வாங்கித்தான் வீட்டுக்குப் பேசுவோம். பிள்ளை பிறந்த செய்தி வாரம் கழித்து வந்தவர்களை எனக்குத் தெரியும். கப்பலில் இணையம் வந்தது எங்கள் வாழ்க்கையை மாற்றிவிட்டது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022இல் ஏற்கப்பட்ட திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. நடைமுறையில் இயன்றவரை கப்பல் பணியாளர்களுக்கு இணையத் தொடர்பு கொடுக்கவேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமான அளவில் இருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. மாதக்கணக்கில் கடலில் கிடப்பவனுக்கு அது உரிமை. நான்கு மணி நேரம் பறப்பவருக்கும் அதே அளவு தேவை இருக்கிறது என்று சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டையும் ஒரே விதித்தொகுப்பில் வைத்திருப்பது நிர்வாக வசதிக்காக, தேவை ஒன்றல்ல.

பேச்சைப் பற்றி ஒன்று. எங்கள் ஊர் விசைப்படகுகளில் வயர்லெஸ் செட் உண்டு. அதில் ஒருவர் பேசினால் அந்த அலைவரிசையைப் போட்டிருக்கும் அத்தனை படகுகளுக்கும் கேட்கும். அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் வீட்டுச் சண்டையை அதில் பேசுவதில்லை. காற்று எப்படி, வலை எங்கே சிக்கியது, உதவி வேண்டுமா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மீன் பட்ட இடத்தைக்கூட வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். பலர் கேட்கும் இடத்தில் எப்படிப் பேசவேண்டும் என்ற ஒழுங்கு நம் கடற்கரைக்குத் தெரியாததன்று. கைப்பேசி கையில் வந்ததும் அந்த ஒழுங்கு எங்கோ போய்விடுகிறது. நாம் தனியாக இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். ஆசிரியை அக்கா சொல்லும் இரண்டு நிமிடம் உண்மையிலேயே இரண்டு நிமிடமாக இருக்குமானால் நானும் பொறுத்துக்கொள்வேன்.


தேவிபட்டினம் செவிலியர்:

குவைத்தில் மருத்துவமனைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். அனைவரும் பேச்சை எதிர்த்தும் இணையத்தை ஆதரித்தும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இணையத்தைப் பற்றியே ஒரு கவலை இருக்கிறது.

என் சித்தப்பா மகன், தகப்பனாருக்கு உடல்நிலை மோசம் என்ற செய்தி கேட்டு, கிடைத்த விமானத்தில் ஏறினான். அவன் வானில் இருந்தபோதே சித்தப்பா காலமாகிவிட்டார். அவன் வந்து இறங்கும் வரை குடும்பக் குழுவில் எதுவும் எழுதவேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவனுடைய அண்ணன் மதுரை விமான நிலையத்துக்குப் போய், வெளியே வந்தவனின் தோளைப் பிடித்து, காருக்குள் உட்காரவைத்த பிறகு சொன்னார். அழுவதற்குத் தோள் இருந்தது.

அந்த விமானத்தில் வைஃபை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குடும்பத்தார் அடக்கிக்கொண்டிருந்தாலும், ஊர்க் குழு ஒன்றில் யாராவது படத்தோடு "கண்ணீர் அஞ்சலி" போட்டிருப்பார்கள். நம் ஊரில் இறந்த சில நிமிடங்களிலேயே அது வந்துவிடுகிறது. முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில், இறங்கவும் முடியாமல், அழவும் முடியாமல், மீதி மணிநேரத்தை அவன் எப்படிக் கழித்திருப்பான்? துயரச் செய்தியை எப்போது, யார் வாயால், எந்த இடத்தில் சொல்லவேண்டும் என்று மருத்துவமனையில் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் பயிற்சி இல்லை.

விமானத்தில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் இணையம் உதவுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: தரையிலுள்ள மருத்துவரிடம் ஆலோசனை கேட்க விமானிக்குத் தனித் தொடர்பு இருக்கிறது. பயணியின் கைப்பேசியை நம்பி அந்த ஏற்பாடு இல்லை.


கீழக்கரைச் சபராளி:

செவிலியர் அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்லும் வேதனை உண்மை. எங்கள் பக்கத்தில் அதே நிகழ்ச்சிக்கு வேறொரு முகம் உண்டு.

எங்களில் மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, நெடுநேரம் வைத்திருப்பதில்லை. மகன் வந்துகொண்டிருக்கிறான் என்றால் அடுத்த தொழுகை நேரம் வரை அடக்கத்தைத் தள்ளிவைப்பார்கள். அதற்கு மேல் வைக்க மனம் ஒப்பாது. அந்த மகன் இடைவழியில் ஒரு விமானத்தைத் தவறவிட்டு, அடுத்ததில் ஏறிவிட்டான் என்று வையுங்கள். எப்போது வருவான் என்று வீட்டாருக்குத் தெரியாது. காத்திருப்பதா அடக்கிவிடுவதா என்று பள்ளிவாசலில் நின்றுகொண்டு பேசுவார்கள். "எனக்காகக் காத்திருக்க வேண்டாம், அடக்கிவிடுங்கள், துஆ செய்கிறேன்" என்று அவன் ஒரு வரி எழுத முடிந்தால், அந்த வரி அவனுக்கும் ஆறுதல், வீட்டாருக்கும் விடுதலை. பிள்ளை சொல்லி அடக்கினோம் என்ற நிம்மதி தாய்க்கு வாழ்நாள் முழுதும் இருக்கும். இதைக் குடும்பத்தில் கண்டவன் என்பதால்தான் இணையம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதினேன்.

குழுக்களில் அவசரப்பட்டுப் போடுவது தீமை. அதை அடக்கவேண்டியது ஊரில் இருக்கும் நாம். அதற்காக வானில் இருப்பவனின் வாயைக் கட்டவேண்டாம் என்பது என் எண்ணம்.


தேவிபட்டினம் செவிலியர்:

உங்கள் காரணம் எனக்குப் புரிகிறது, அண்ணா. அவன் எழுதுவதற்கு வழி வேண்டும். ஊரிலிருந்து வருவதெல்லாம் அவன்மீது கொட்டக்கூடாது. இரண்டையும் பிரிக்க முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். முடியாதென்றால், பயணம் செய்பவர் நோயாளியைப் பார்க்க வருகிறவர் என்றால் ஊர்க் குழுக்களை அணைத்துவிட்டு ஏறும்படி வீட்டார் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அப்படிச் சொல்வதே அவருக்கு ஐயத்தைக் கிளப்பும் என்பதையும் நான் அறிவேன்.


ராமேசுவரம் கணினியர்:

பெங்களூரில் மென்பொருள் வேலை. விமானத்தில் இணையம் வந்தால் முதலில் மகிழ்வது பயணி அல்ல, அவருடைய மேலாளர். "நீங்கள் பறக்கும்போதுகூட இணைப்பு இருக்கிறதே" என்ற பிறகு மறுக்க முடியாது. எனக்கு அந்த மணிநேரங்கள் யாரும் கேள்வி கேட்காத நேரமாகவே இருக்கட்டும்.


தொண்டித் துறை:

நண்பருக்கு அலுவலகத்திலிருந்து தப்ப நேரம் வேண்டும். எங்களுக்கோ, இரண்டு ஆண்டு கழித்து வருகிறோம் என்ற செய்தியை வீட்டுக்கு நிமிடத்துக்கு நிமிடம் சொல்லிக்கொண்டே வர ஆசை. ஒரே கருவிதான், யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது வேலையாகவோ உறவாகவோ மாறுகிறது. அலுவலர்களைக் கேட்டு எடுத்த கணிப்பை வைத்து எங்களுக்கும் சேர்த்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு செய்தியும் அனைவரும் அறியவேண்டும். எங்கள் முகாமில் ஒருவர் போஸ்ட்பெய்டு இணைப்பு வைத்திருந்தார். ஃப்ளைட் மோடில் போடாமல் தூங்கிவிட்டார். அவருடைய கைப்பேசி தானாகவே விமானத்திலுள்ள வலையமைப்போடு சேர்ந்து, பின்னணியில் படங்களையெல்லாம் ஏற்றியிருக்கிறது. ஊருக்குப் போன பிறகு வந்த பில்லைப் பார்த்து அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. இது எப்படி நடந்தது என்று மண்டபத்து ஐயா விளக்கினால் பலருக்கு உதவும்.


மண்டபம் தொலைத்தொடர்பு:

விளக்குகிறேன். விமானத்தில் இரண்டு வழிகள் உள்ளன. மக்கள் இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பணம் போகிறது.

முதல் வழி வைஃபை. ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறந்து, விமான நிறுவனத்தின் பக்கத்தில் இலவசமாகவோ கட்டணம் செலுத்தியோ சேர்வது. இதில் உங்கள் சிம்முக்கு வேலையே இல்லை. நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் ஒரு ரூபாயும் போகாது. இரண்டாவது வழி, நான் முன்பு சொன்ன சிறு நிலையம். ஃப்ளைட் மோடில் போடாத கைப்பேசி, ரோமிங் திறந்திருந்தால், வெளிநாட்டு வலையமைப்பில் சேர்வதுபோல அதில் தானாகச் சேரும். இதற்கான கட்டணத் திட்டமான பேக்கைப் போடாமல் சேர்ந்தால் கட்டணம் மிகக் கடுமை. இதற்கென்றே ஜியோ 2020இல் 499 ரூபாயிலிருந்தும், ஏர்டெல் 2024இல் 195 ரூபாயிலிருந்தும் ஒருநாள் பேக்குகளைக் கொண்டுவந்தன. பறக்கும் முன்பே பேக்கைப் போட்டிருக்கவேண்டும். நீங்கள் ஏறும் விமானத்தில் அந்த வசதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் பயன்படும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. நாம் அனுப்பிய கேள்வி மேலே போய், கீழே இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப வருவதற்குள் கிட்டத்தட்ட அரை நொடி கழிந்துவிடும். எழுதுகிறவருக்கு அது தெரியாது. பேசுகிறவருக்குத் தெரியும்: இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கள்" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஸ்டார்லிங்க் போன்ற புதிய செயற்கைக்கோள்கள் 550 கிலோமீட்டர் அளவில் தாழப் பறப்பதால் இந்தத் தாமதம் பெரிதும் குறைந்துவிடுகிறது. கத்தார் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் தோஹா–லண்டன் பயணத்தில் அதைத் தொடங்கி, பயணிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. இனிமேல் காணொலி அழைப்புகூடத் தொழில்நுட்பத்தால் தடைபடாது. ஆகவே சபராளித் தம்பி கேட்கும் ஒழுங்கை, இனி நிறுவனத்தின் விதியும் பயணியின் நாகரிகமும்தான் காக்கமுடியும், கருவி காக்காது. அந்த விதியை இப்போதே வகுக்கவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இணையத்தைத் திறந்துவிட்டு, அழைப்பைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கும் நிறுவனங்கள் நாளை பணிப்பெண்களைப் பயணிகளோடு சண்டையிட விடுகின்றன.

செவிலியர் கேட்ட பிரிவினைக்கு: அனுப்பவும் வேண்டும், கொட்டவும் கூடாதென்றால், குழுக்களை மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிட்டு, வீட்டிலுள்ள ஒருவரின் எண்ணை மட்டும் மேலே வைத்துக்கொள்ளலாம். முழுத் தடுப்பு ஆகாது. ஆனாலும் தானாகக் கண்ணில் படாது.


பெரியபட்டினம் ஆசிரியை:

ஐயா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. சபராளி காக்கா சொன்ன வாய்ஸ் மெசேஜ் வழியை நான் முழுதாக ஏற்கவில்லை. தாழ்ந்த குரலில் பதிவதை உம்மாக்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கவேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். இருந்தாலும் முயன்று பார்க்கத் தக்க வழி என்று எண்ணுகிறேன். அவசர நேரத்தில் பணியாளர் அனுமதியோடு ஒருவர் சில நிமிடம் பேச இடம் வைக்கவேண்டும் என்ற என் கோரிக்கையிலிருந்து நான் பின்வாங்கவில்லை.

இப்போது ஒரு நேரடிக் கேள்வி. என் மாமியார் சிங்கப்பூரிலுள்ள மகளிடம் போகிறார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் தனியாகப் போகிறார்கள். எழுதத் தெரியாது, வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவதை இப்போதுதான் பழகியிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?


மண்டபம் தொலைத்தொடர்பு:

அந்த நிறுவனம் 2023 ஜூலை முதல் கிரிஸ்ஃப்ளையர் என்ற தன் வாடிக்கையாளர் திட்டத்தின் உறுப்பினர்களுக்கு எல்லா வகுப்பிலும் வைஃபையை இலவசமாகக் கொடுக்கிறது. உறுப்பினராகச் சேரவும் கட்டணம் இல்லை. எனவே இன்றே மாமியார் பெயரில் கணக்கைத் தொடங்கி, அந்த எண்ணைப் பயணச்சீட்டோடு சேர்த்துவிடுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். நம் பக்கத்துப் பெயர்களில் வாப்பா பெயர் முன்னும் பின்னும் மாறிப்போவதால் இந்த இடத்தில்தான் தகராறு வரும். உள்ளே சேரும் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். ஆகவே அவர்களுடைய இருக்கை எண்ணும் பிறந்த தேதியும் போன்ற கேட்கக்கூடிய விவரங்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவரோ பணிப்பெண்ணோ ஒருமுறை சேர்த்துக் கொடுப்பார்கள். சிம்மின் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மகளின் பெயரை மேலே பொருத்தி, அவருடைய படத்தையும் வைத்துவிடுங்கள். படத்தைப் பார்த்துத் தொடுவது எளிது. காதில் மாட்டும் கம்பியுள்ள ஹெட்போன் ஒன்று கொடுத்தனுப்புங்கள். வீட்டிலேயே ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து, குரல் அனுப்பி, வந்த குரலைக் கேட்டுப் பழகட்டும். அந்தப் பழக்கத்தைப் பகலில் மின்விசிறி ஓடும் இரைச்சலில் செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் வாயருகே கைப்பேசியை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினாலே மறுமுனையில் தெளிவாகக் கேட்கும் என்பது அவர்களுக்கு நம்பிக்கையாகும்.


பெரியபட்டினம் ஆசிரியை:

கணக்கை இன்றிரவே தொடங்கிவிடுகிறேன், ஐயா. அவர்கள் பாஸ்போர்ட்டில் வாப்பா பெயர் பின்னால்தான் இருக்கிறது; பயணச்சீட்டில் முன்னால் போட்டிருக்கிறார்கள். நாளை காலை முதல் வேலையாக ஏஜெண்டிடம் போய் அதை மாற்றச் சொல்கிறேன்.